சதுப்புநிலமும் லென்ஸும் – கடிதம்

வணக்கம்.

எனக்கு மிகவும் பிடித்த ஒரு சதுப்புநிலத்துக்கு விடுமுறைதோறும் காமிராவுடன் செல்கிறேன். என்னிடம் இருப்பது 300 மி.மீ. லென்ஸ். கரையில் சற்று முன்னே நடந்தாலே பறவைகள் எழுந்து சென்றுவிடுகின்றன. எடுத்த படங்களிலும் பறவை ஒரு புள்ளியாகவே இருக்கிறது. கொக்குகளோ வெறும் வெள்ளைத் திட்டுகளாகிவிடுகின்றன. 600 மி.மீ. லென்ஸ் வாங்கினால் இக்குறை தீருமா, அல்லது வேறு இடம் தேட வேண்டுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

லென்ஸை இப்போது வாங்க வேண்டாம். இடத்தையும் மாற்ற வேண்டாம். 600 மி.மீ. லென்ஸில் பறவை இருமடங்கு பெரிதாகப் பதியும் என்பது உண்மைதான். ஆனால் உங்களுக்கும் பறவைக்கும் இடையே உள்ள தூரம் பாதியாகக் குறைந்தாலும் அதே அளவு கிடைக்கும், தெளிவும் கூடும். வெயில் ஏறிய பிறகு சேற்றின் மேல் வெப்பக்காற்று அலையலையாக எழுவதால், தொலைவிலிருந்து எடுக்கும் படத்தில் இறகுகளின் கூர்மை கரைந்துவிடுகிறது. எந்த லென்ஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

அந்தத் தூரத்தை நீங்கள் நடந்து குறைக்க முயல்கிறீர்கள். அதைக் குறைக்க வேண்டியது பறவை. விடியும் முன்பே சென்று, கோரைப்புல்லின் ஓரமாக, சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி தாழ அமர்ந்துவிடுங்கள். பறவைகள் காற்றை எதிர்த்தே எழும்பும், காற்றை எதிர்த்தே இறங்கும் என்பதால், காற்றும் முதுகுப்புறமிருந்து வீசினால் அவை உங்களை நோக்கியே வரும். அசையாமல் இருப்பவரை நீலத் தாழைக்கோழியும் முக்குளிப்பானும் சிறிது நேரத்தில் பொருட்படுத்தாமல் மேயத் தொடங்கிவிடும். மீன்கொத்தி ஒரே கிளைக்கும், தும்பி ஒரே நாணல் நுனிக்கும் திரும்பத் திரும்ப வரும். முதல் முறை தவறவிட்டதற்காக வருந்தாமல் அந்த இடத்தில் ஃபோகஸ் செய்து காத்திருக்கலாம். இவையெல்லாம் ஒரே இடத்துக்கு மீண்டும் மீண்டும் போகிறவருக்கே தெரியவரும். அதனால்தான் இடத்தை மாற்ற வேண்டாம் என்கிறேன்.

நடந்தே ஆக வேண்டிய நேரங்களில் பறவையின் உடலைக் கவனியுங்கள். மேய்ந்துகொண்டிருந்த பறவை இரை தேடுவதை நிறுத்தி, கழுத்தை நீட்டி நிமிர்ந்துவிட்டால், நீங்கள் வந்தது அதற்குப் போதும் என்று பொருள்; அங்கேயே நின்றுவிட வேண்டும், பின்வாங்கினால் இன்னும் நல்லது. ஆட்காட்டி கத்தத் தொடங்கிவிட்டால், அதன் குரலைக் கேட்டு மற்ற பறவைகளும் எச்சரிக்கையாகிவிடுகின்றன. குருகு மட்டும் இதற்கு விலக்கு. அது பறந்து போகாமல் அலகை வானை நோக்கி உயர்த்தி, நாணலோடு நாணலாக அசைந்துகொண்டு நிற்கும். அது அமைதியாக நிற்பதாக எண்ணி நெருங்கிச் செல்பவர்கள் உண்டு. ஆனால் அந்த நிலையே அது அஞ்சியிருப்பதன் அடையாளம்.

கூட்டமாக எழும் பறவைகளைப் படம்பிடிப்பதற்காக வேண்டுமென்றே கைதட்டிக் கலைக்கும் பழக்கத்தை நான் கடுமையாக வெறுக்கிறேன். வலசை வந்த பறவை உண்டு சேர்த்த கொழுப்பில்தான் திரும்பிப் பறந்தாக வேண்டும். ஒவ்வொரு முறை கலைக்கப்படும்போதும் அதில் ஒரு பங்கு வீணாகிறது. கூடுகளின் அருகே நிலைமை இன்னும் மோசம். நெடுங்கால் உள்ளானும் ஆட்காட்டியும் திறந்த தரையில் முட்டையிடுபவை. கடும் வெயிலில் அவை வயிற்று இறகுகளை நீரில் நனைத்துவந்து முட்டைகளைக் குளிர்விக்கின்றன. நாம் அருகில் நிற்கும்வரை அப்பறவை திரும்ப முடியாது. முட்டை வெயிலில் கிடக்கும், காகமும் பார்த்துக்கொண்டிருக்கும். இலைக்கோழிகளில் மிதக்கும் கூட்டில் அடைகாப்பது ஆண் பறவை. அதைக் கலைத்தால் அவ்விடத்தில் அமரப் பெண் பறவை வராது. ஆகவே கூட்டைப் படமெடுக்காதீர்கள், கூடு இருக்கும் இடத்தைப் படத்தோடு பகிராதீர்கள், பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள்.

கொக்கு வெள்ளைத் திட்டாவதற்குக் காரணம் எளியது. காமிரா காட்சி முழுவதையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவர முயல்கிறது. பின்னணி இருண்ட நீராக இருந்தால் வெள்ளை இறகு வெளிறிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியை, ஒரு ஸ்டாப் அளவுக்கு (பாதியாக) குறைத்து எடுத்துப் பாருங்கள். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/2000 நொடி அளவில் இருக்கட்டும்.

புள்ளியாகத் தெரியும் பறவையைக் குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். நாணலும் நீரும் சேறும் சட்டகத்தை நிறைத்திருக்க, அதன் ஓரத்தில் ஒரு நாரை இரை தேடும் படம், அதன் முகத்தை மட்டும் காட்டும் படத்தைவிட எனக்கு அதிகம் சொல்கிறது. அது எங்கே, எதை நம்பி வாழ்கிறது என்பது அதில் இருக்கிறது. அத்தகைய படத்துக்கு உங்கள் 300 மி.மீ. லென்ஸ் மிகப் பொருத்தமானது.

இந்த முறையில் சில மாதங்கள் எடுத்த பிறகு படங்களை அனுப்புங்கள். எடுத்த நேரத்தையும் காற்று வீசிய திசையையும் குறித்து அனுப்பினால் விரிவாகப் பேச வசதியாக இருக்கும்.

அன்புடன்.