மரத்துக்கு மரம் எத்தனை அடி? – கேள்வி பதில்

ஐப்பசி மழைக்கு முன்னால் குழி எடுத்துவிட வேண்டும், எத்தனை அடி இடைவெளி விடலாம் என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

மானூரிலிருந்து: அண்ணாச்சி, செம்மண் ரெண்டு ஏக்கர், போர் தண்ணீர். சவுக்கு போடப் போகிறேன். நாற்றங்காலில் 4 அடிக்கு 4 அடி என்கிறார்கள். மச்சான் 3 அடிக்குப் போடு, மரம் இரட்டிப்பாகும் என்கிறார்.

எண்ணிக்கையில் மச்சான் சொல்வது ஏறத்தாழ சரி. ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. 3க்கு 3 என்றால் 4,840 கன்று, 4க்கு 4 என்றால் 2,722. ஆனால் எடைமேடையில் அந்த இரட்டிப்பு வராது. கிளையும் வேரும் பக்கத்து மரத்தைத் தொட்டுவிட்டால், அப்புறம் அந்த நிலத்து வெயிலும் தண்ணீரும் எவ்வளவு மரம் தருமோ அவ்வளவுதான். அதை 4,840 பேர் பங்கு போடுகிறார்களா, 2,722 பேரா என்பதுதான் விஷயம். நெருக்கி நட்டால் அந்தக் கட்டம் சீக்கிரம் வரும், களையும் சீக்கிரம் அடங்கும். உயரமும் பெரிதாகக் குறையாது. அடிபடுவது பருமன்.

சாரம் கட்ட, பந்தல் போட மெல்லிய கழியாக விற்கப் போகிறீர்கள் என்றால் 3 அடி தப்பில்லை. காகித ஆலைக்கு டன் கணக்கில் போகிறது என்றால் 4 போதும். அதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள்: சித்திரை, வைகாசியில் போர் எவ்வளவு நேரம் ஓடுகிறது? நின்று நின்று ஓடுகிறது என்றால் 5க்கு 5, அதாவது 1,742 கன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கோடையில் தாகத்துக்கு முதலில் காய்வது நெருக்கி நட்ட தோப்புதான்.

களக்காட்டிலிருந்து: பிளைவுட்டுக்கு மலைவேம்பு. 12 அடி விட்டால் நிலம் வெறுமனே கிடக்கிற மாதிரி இருக்கிறது. 6 அடிக்கு நடலாமா?

நானும் இப்படித்தான் ஆசைப்பட்டேன், ஐயா. அரை ஏக்கரில் 6க்கு 6, மொத்தம் 605 கன்று. ரெண்டு வருஷம் பார்க்கிறவர்கள் எல்லாம் மெச்சினார்கள். மூன்றாம் வருஷம் ஒன்று விட்டு ஒன்று வெட்டிக் கலைத்திருக்க வேண்டும். வாழைக்குப் பக்கக்கன்று அறுக்கத் தயங்காத கை, ஓடு வீட்டு முகட்டைத் தாண்டி வளர்ந்த மரத்தில் அரிவாள் போட மாட்டேன் என்றது. ஏழாம் வருஷம் வியாபாரி டேப்போடு வந்தார். வரப்போரத்து மரங்களை மட்டும் பிளைவுட்டுக்கு எடுத்துக்கொண்டு, நடுவில் நின்றதையெல்லாம் விறகு விலைக்குக் கேட்டார். வெட்டின பிறகு நடு வரிசை அடிக்கட்டை ஒன்றைக் குனிந்து பார்த்தேன். உள்ளே ரெண்டு வளையம் விரல் அகலத்துக்கு. மூன்றாவதிலிருந்து வெற்றிலைக் கட்டு அடுக்கின மாதிரி நெருக்கம். நான் வெட்டாமல் விட்ட வருஷம் அதில் அப்படியே பதிந்திருந்தது.

வியாபாரி போடும் கணக்கைப் பாருங்கள். சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார். 10 அடித் தடி, சுற்றளவு 12 அங்குலம் என்றால் 0.625 கன அடி. அதுவே 24 அங்குலம் என்றால் 2.5 கன அடி. சுற்றளவு ரெண்டு மடங்கு, மரம் நாலு மடங்கு. நாலு ஒல்லி மரம் ஒரு தடித்த மரத்துக்குச் சமம்தானே என்று கேட்கலாம். கன அடியில் சமம். பிளைவுட் ஆலைக்கு ஒல்லி மரம் ஆகாது, அதுதான் சிக்கல்.

அதனால் 12க்கு 12 நடுங்கள், 302 கன்று. ஆனால் இடம் தாராளமாக இருந்தால் பக்கக் கிளை தடிக்கும், கிளை தடித்தால் முடிச்சு விழும். முதல் ரெண்டு வருஷம் கிளை கட்டைவிரல் பருமன் ஆவதற்குள் தண்டை ஒட்டிக் கவாத்து செய்துவிட வேண்டும்.

பணகுடியிலிருந்து: எங்கள் பக்கம் ஆடிக் காற்று தெரியும்தானே. நெருக்கி நட்டால் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும் என்கிறார்கள்.

பாதி உண்மை. கூட்டமாக நிற்கும் வரை தாங்கும். சின்னதிலிருந்தே காற்றில் ஆடி வளரும் மரம் அடி பெருத்து நிற்கும். கூட்டத்துக்குள் வளர்ந்தது ஒல்லியாக, தலை மட்டும் கனமாக நிற்கும். அதைச் சுற்றி ஒரே நாளில் வெட்டினீர்களானால் அடுத்த ஆடியில் படுத்துவிடும். காற்று அடங்கின பிறகு, வருஷத்துக்குக் கொஞ்சமாக வெட்டுங்கள். மேற்கு ஓரத்து ரெண்டு வரிசையைத் தொடவே வேண்டாம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு அம்மா: மலைவேம்புக்குள் உளுந்து எத்தனை வருஷம் வரும்?

12 அடிச் சதுரத்தில் ரெண்டு வருஷம் நன்றாக வரும், அப்புறம் நிழல். வரிசைக்கு வரிசை 16 அடி, வரிசைக்குள் மரத்துக்கு மரம் 9 அடி என்று மாற்றிப் பாருங்கள் அம்மா. அதுவும் மரத்துக்கு 144 சதுர அடிதான், அதே 302 கன்றுதான். வரிசையைக் கிழக்கு மேற்காகப் போட்டால் நிழல் பெரும்பாலும் மரவரிசையிலேயே விழும். நடுவில் டிராக்டரும் போகும்.

நாங்குநேரியிலிருந்து: தைல மரம் வெட்டியாச்சு. கட்டையிலிருந்து துளிர்த்து வரும் மறுதாம்புக்கு இடைவெளி பார்க்க வேண்டுமா?

கட்டை நகராது, துளிர்தான் பெருகும். எல்லாத் துளிரையும் விட்டால் ஒரே குழியில் ஆறேழு கன்று நட்ட கதைதான். நல்லதாக ஒன்று, மிஞ்சினால் ரெண்டு விட்டு மற்றதை ஒடித்துவிடுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு மாணவர்: எங்கள் நிலத்துக்கு எந்த இடைவெளி என்று சின்ன இடத்தில் சோதித்துப் பார்க்க வழி உண்டா?

அருமையான வழி ஒன்று இருக்கிறது, தம்பி. ஜான் நெல்டர் என்ற புள்ளியியல்காரர் 1962இல் எழுதியது. வண்டிச் சக்கரம் மாதிரி நடுவது. நடுவில் ஒரு முளை அடித்து, ஆரக்கால் போலச் சுற்றிலும் கோடு பிரித்து, வட்டம் வட்டமாகக் கன்று வைக்க வேண்டும். வெளியே போகப் போக வட்டங்களுக்கு நடுவே உள்ள தூரத்தையும் ஒரே விகிதத்தில் கூட்டிக்கொண்டே போவார்கள். ஒரே வயலில் உள்ளே நெருக்கம், வெளியே தாராளம். எல்லா இடைவெளியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். வருஷா வருஷம் மார்பு உயரத்தில் டேப் பிடித்துச் சுற்றளவை எழுதி வையுங்கள். ஆக உள்வட்டத்தையும் ஆக வெளிவட்டத்தையும் கணக்கில் சேர்க்காதீர்கள், அவற்றுக்கு ஒரு பக்கம் பங்காளி கிடையாது. வட்டம் போடக் கயிறு கட்டும்போது தேங்காய் நார்க் கயிறு வேண்டாம். நீளம் மாறும், அப்புறம் வட்டம் கோணிக்கொள்ளும்.