அலமாரி மேலே தாத்தாவின் ரிவால்வர்: பேரன் பள்ளிக்குத் தோட்டா கொண்டுபோனான்

கேள்வி: நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். வயது 67. என் கணவர் இரண்டு வருடத்துக்கு முன் தவறிவிட்டார். அவர் பேரில் லைசென்ஸ் இருந்த ரிவால்வரும் ஒரு டப்பா தோட்டாவும் படுக்கையறை அலமாரி மேலே, பித்தளைச் சாமான் வைக்கும் பெட்டிக்குள் இருக்கின்றன. புரட்டாசிக்கு விளக்கு எடுத்தபோது எட்டு வயதுப் பேரன் பார்த்திருக்கிறான் போல. போன வாரம் ஒரு தோட்டாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போய் நண்பர்களிடம் காட்டியிருக்கிறான். டீச்சர் வாங்கி வைத்துக்கொண்டார். பிரின்சிபல் பெற்றோரை வரச் சொல்லியிருக்கிறார். மகன் பையனை அடிக்கக் கை ஓங்கினான், நான்தான் குறுக்கே போனேன். மருமகள் "இன்றைக்கே போலீசில் கொடுங்கள்" என்று அழுகிறாள். மகனோ, "2021 ஜூலைக் கலவரம் மறந்துபோச்சா? துப்பாக்கி வீட்டில் இருக்கட்டும், இடத்தை மாற்றி வைத்தால் போதும்" என்கிறான். கொடுத்தால் என்னைக் கைது செய்வார்களா? பேரனைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்களா?

பதில்: அம்மா, சட்டம் பேசுவதற்கு முன்னால் ஒன்று. இதைப் படிக்கும்போதும் அந்தப் பெட்டி அலமாரி மேலேயே இருந்தால், இன்று இரவு பேரன் அந்த வீட்டில் தூங்க வேண்டாம். மருமகளின் அம்மா வீட்டுக்கோ, அத்தை வீட்டுக்கோ அனுப்பிவிடுங்கள். அந்த அறையைப் பூட்டிச் சாவியை உங்கள் இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். ரிவால்வரை எடுத்துத் தோட்டாவைக் கழற்றிப் பார்க்க வேண்டாம், நீங்களும் வேண்டாம், மகனும் வேண்டாம். பழக்கமில்லாத கையில் அதுதான் மிக ஆபத்தான நேரம். அப்புறம் ஒரு வழக்கறிஞருக்கு போன் செய்யுங்கள். வசதி இல்லையென்றால் லீகல் எய்ட் சவுத் ஆப்பிரிக்காவின் 0800 110 110 என்ற இலவச எண்ணைக் கூப்பிடுங்கள்.

சரி, சட்டத்துக்கு வருவோம். இன்றைய நிலையில் அந்த ரிவால்வரை வைத்திருக்க லைசென்ஸ் உள்ளவர் யாரும் இல்லை. லைசென்ஸ் உங்கள் கணவருக்குக் கொடுக்கப்பட்டது, அது அவரோடு முடிந்துவிட்டது. மனைவி என்பதால் அது உங்களுக்கு வராது, மூத்த மகன் என்பதால் அவருக்கும் போகாது. உங்கள் கணவர் 1969-ஆம் ஆண்டின் பழைய ஆயுதச் சட்டப்படி வாங்கியிருந்தாலும் இதே நிலைதான். 2000-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் (60-ஆம் எண்) லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. அதற்கு 15 ஆண்டு வரை சிறை விதிக்க இடமுண்டு. டப்பாவில் இருக்கும் தோட்டாக்களுக்குத் தனிக் குற்றச்சாட்டு வரும். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. "இடத்தை மாற்றி வைத்தால் போதும்" என்று மகன் சொல்வது உங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

உங்கள் கணவர் இருந்த காலத்திலும் அலமாரி மேல் வைத்தது சரியான காவல் அல்ல. மறைந்தவரைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், எத்தனையோ வீடுகளில் இதே வழக்கம்தான். துப்பாக்கி சொந்தக்காரரின் உடம்பிலோ நேரடிக் கட்டுப்பாட்டிலோ இல்லாத நேரமெல்லாம், எஸ்ஏபிஎஸ் (SABS) 953 என்ற தரம் பெற்ற இரும்புப் பெட்டிக்குள் பூட்டியிருக்க வேண்டும். அப்படிப் பூட்டாததும், சாவியைக் கண்ட இடத்தில் விடுவதும் சட்டத்தின் 120-ஆம் பிரிவில் குற்றம். ஒளித்து வைப்பதைச் சட்டம் காவலாக ஏற்பதில்லை. ஏன் என்பதை உங்கள் பேரனே காட்டிவிட்டான். பெரியவர்கள் எந்தப் பெட்டியை யாருக்கும் தெரியாமல் எடுத்து வைக்கிறார்களோ, அதன்மேல்தான் எட்டு வயதுப் பிள்ளையின் கண் போகும். அன்று அவன் கையில் ஒரு தோட்டா வந்தது. ரிவால்வரே வந்து, பள்ளியில் ஒரு பிள்ளை இறந்திருந்தால், அதை எட்டும் இடத்தில் விட்ட பெரியவர்மேல் கவனக்குறைவால் உயிர் போக்கிய வழக்கு வந்திருக்கும். அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு அந்த வழக்கால் ஒன்றும் திரும்பி வராது.

கைது பற்றிக் கேட்டீர்கள். பூசி மெழுகாமல் சொல்கிறேன். தானாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் வழக்கே வராது என்று சட்டம் பொதுவாக உறுதி தருவதில்லை. அந்தப் பாதுகாப்பு, பாராளுமன்ற ஒப்புதலோடு அமைச்சர் அறிவிக்கும் பொதுமன்னிப்புக் காலத்தில்தான் கிடைக்கும். 2019 டிசம்பரிலிருந்து 2020 மே வரை ஒன்றும், 2020 ஆகஸ்டிலிருந்து 2021 ஜனவரி வரை இன்னொன்றும் வந்துபோயின. அடுத்தது வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இறந்தவரின் துப்பாக்கியை வாரிசுகள் என்ன செய்ய வேண்டும் என்று சட்டத்தின் 147-ஆம் பிரிவு வழி சொல்கிறது. நீங்கள் தாமதமாகத்தான் அந்த வழிக்கு வருகிறீர்கள், ஆனாலும் வருகிறீர்கள். இறப்புச் சான்றிதழ், கணவரின் லைசென்ஸ், அவருடைய அடையாளப் புத்தகம், உங்கள் அடையாள அட்டை ஆகியவற்றோடு, வழக்கறிஞர் மூலம், நீங்களாக முன்வந்து ஒப்படைக்கும் 67 வயது விதவை நீங்கள். வழக்குப் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் அரசு வழக்கறிஞர் இதையெல்லாம் பார்ப்பார். போலீஸ் கதவைத் தட்டிய பிறகு கொடுப்பதற்கு இந்த மதிப்பு கிடையாது.

போலீஸ் தட்ட வாய்ப்பும் இருக்கிறது. பள்ளிக்குள் ஆபத்தான பொருள் கிடைத்தால் அதைக் குறித்து வைத்துப் போலீசிடம் ஒப்படைக்கும் பொறுப்பு பிரின்சிபலுக்கு உண்டு. அந்தத் தோட்டா இந்நேரம் ஸ்டேஷனுக்குப் போயிருக்கலாம். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

எப்படி ஒப்படைப்பது? பையில் போட்டுக்கொண்டு டாக்ஸியில் ஏறாதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் தெருவில் எடுத்துப் போவது இன்னொரு சிக்கல். ஒவ்வொரு பகுதியின் போலீஸ் நிலையத்துக்கும் துப்பாக்கி விஷயங்களுக்கென்றே நியமிக்கப்பட்ட அதிகாரி உண்டு, டி.எஃப்.ஓ. என்பார்கள். வழக்கறிஞர் அவரோடு பேசி, வீட்டுக்கே வந்து எடுத்துப்போக ஏற்பாடு செய்யட்டும். லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி வியாபாரி மூலம் செய்யவும் வழி உண்டு. ஆனால் விற்பதானால் கணவரின் சொத்து விவகாரம் முதலில் சரியாக வேண்டும். சொத்து 2,50,000 ராண்டுக்குள் என்றால் இறந்தவர்களின் சொத்து விவகாரங்களைக் கவனிக்கும், டர்பனில் உள்ள மாஸ்டர் அலுவலகம் அதிகாரக் கடிதம் ஒன்று கொடுக்கும், பெரிய நடைமுறை இல்லை. அதை எப்படியும் வாங்கிவிடுங்கள், வீட்டுப் பத்திரத்துக்கும் தேவைப்படும். போலீசிடம் ஒப்படைப்பதை மட்டும் அந்தக் கடிதம் வரும்வரை தள்ளிப்போடாதீர்கள்.

வழக்கறிஞரோடு சேர்ந்து சுருக்கமாக ஒரு வாக்குமூலம் எழுதுங்கள். கணவர் எப்போது இறந்தார், துப்பாக்கி எங்கே இருந்தது, ஏன் ஒப்படைக்கிறீர்கள் என்பது போதும். வாய்மொழியாக நீட்டி நீட்டிக் கதை சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

கொடுத்தபின் ரசீது இல்லாமல் அவர்களை வாசல் தாண்ட விடாதீர்கள். ரிவால்வரின் வரிசை எண், தோட்டாக்களின் எண்ணிக்கை, எஸ்ஏபிஎஸ் (SAPS) 13 என்ற போலீஸ் பதிவேட்டில் அது ஏறிய எண், மூன்றும் எழுத்தில் வேண்டும். துப்பாக்கியை அழித்துவிடச் சொல்லி நீங்களும் எழுதிக் கொடுங்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கிறிஸ்டியான் பிரின்ஸ்லூ என்ற போலீஸ் கர்னல், அழிப்பதற்காக மக்கள் ஒப்படைத்த துப்பாக்கிகளைக் கும்பல்களுக்கு விற்றதற்காக 2016-ல் 18 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். அவை கேப் டவுனின் கேப் பிளாட்ஸ் பகுதித் தெருக்களுக்குப் போயின. சுடப்பட்டவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். நம்பிக் கொடுத்த பொருள் இன்னொரு வீட்டுப் பிள்ளைமேல் பாயக்கூடாது என்றால், காகிதம் நம் கையில் இருக்க வேண்டும். சில மாதம் கழித்து அந்த எண்ணைச் சொல்லி "அழித்தாயிற்றா?" என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

மகன் சொல்வதை நான் தள்ளிவிடவில்லை. 2021 ஜூலையில் இந்த மாகாணத்தில் கடைகள் எரிந்தன, ஸ்டேஷனுக்கு போன் போட்டால் எடுக்க ஆளில்லை, நம் ஆட்கள் இரவெல்லாம் தெருமுனையில் நின்றார்கள். அந்தப் பயம் உண்மையானது. ஆனால் அந்த நாட்களில் 350-க்கும் மேற்பட்டோர் இறந்ததையும், டர்பன் பக்கத்துப் பீனிக்ஸில் தெருமுனையில் நின்றவர்களின் கையில் இருந்த துப்பாக்கிகளால் அப்பாவிகள் உயிர் போனதையும் அவர் மறக்கக்கூடாது. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியால் அவர் தற்காப்புக்காகவே சுட்டாலும், சுட்டதற்குத் தற்காப்பு பதிலாகலாம், வைத்திருந்ததற்கு அது பதிலாகாது. திருட வருபவர்கள் முதலில் தேடுவதும் துப்பாக்கியைத்தான்.

துப்பாக்கி வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தால் அதற்கு நேர்வழி உண்டு. 21 வயது ஆகியிருக்க வேண்டும், பயிற்சி முடித்துத் தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும், 13-ஆம் பிரிவில் தற்காப்பு லைசென்ஸுக்குக் காரணம் காட்டி விண்ணப்பிக்க வேண்டும், இரும்புப் பெட்டியைச் சுவரிலோ தரையிலோ பதிக்க வேண்டும். அந்த லைசென்ஸ் ஐந்து ஆண்டுக்குத்தான், காலாவதியாகும் முன் புதுப்பிக்க வேண்டும். அதையெல்லாம் செய்து முடிக்கும்வரை இந்த ரிவால்வர் உங்கள் வீட்டில் இருக்க முடியாது. என்னைக் கேட்டால், எட்டு வயதுப் பிள்ளை ஓடியாடும் வீட்டுக்கு அந்த லைசென்ஸே வேண்டாம் என்பேன்.

அவர் கொடுக்க மறுத்து, துப்பாக்கியைச் சொல்லி உங்களையோ மருமகளையோ மிரட்டினால் விஷயம் வேறு. அப்போது சாட்ஸ்வொர்த் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் 1998-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். கோர்ட் நேரம் முடிந்த பிறகும் விண்ணப்பிக்க வழி உண்டு. ஆயுதத்தைக் காட்டிக் கொல்வேன் என்று மிரட்டியதாக மாஜிஸ்திரேட் நம்பினால் அதைப் பறிமுதல் செய்ய உத்தரவிட்டே ஆக வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. அந்த நிலை வராது என்றே நம்புகிறேன்.

இனி பேரன். அவன்மேல் குற்ற வழக்கு கிடையாது. சிறார் நீதிச் சட்டப்படி 12 வயதுக்குக் கீழுள்ள பிள்ளையை எந்தக் குற்றத்துக்கும் வழக்கில் நிறுத்த முடியாது. முன்பு 10 ஆக இருந்த வயது 2022 ஆகஸ்டில் 12 ஆனது. பள்ளி ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் விசாரித்து, உங்கள் பக்கம் கேட்டுத்தான் எதையும் செய்ய முடியும். நிரந்தரமாக நீக்கும் அதிகாரம் பிரின்சிபலுக்கு இல்லை, அது மாகாணக் கல்வித் துறைத் தலைவரிடம் இருக்கிறது.

கூட்டிக்கொண்டு போய்விடுவார்களா என்ற பயம்தான் உங்கள் கடிதம் முழுக்க இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி, பள்ளியிலிருந்து தகவல் போனால் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். குடும்பத்திடமிருந்து பிரிப்பது வேறு வழியில்லாதபோது எடுக்கும் முடிவு. அவர் வரும்போது துப்பாக்கி போய், ரசீது கையில் இருந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். இன்னும் அலமாரியில் இருந்தால் அவர் பையனைத்தான் நகர்த்த யோசிக்க வேண்டியிருக்கும். அவரை எதிரியாக நினைத்துக் கதவை அடைக்காதீர்கள். வழக்கறிஞராக என் பக்கமும் சொல்லிவிடுகிறேன்: குழந்தைக்குக் காயம் உண்டாக்கும் வன்முறையோ, தெரிந்தே செய்யும் புறக்கணிப்போ இருப்பதாக நியாயமான காரணம் தெரிந்தால், 110-ஆம் பிரிவின்படி ஆசிரியர், டாக்டர் போல வழக்கறிஞரும் தகவல் கொடுத்தாக வேண்டும். நீங்கள் எழுதியதில் நான் அதைப் பார்க்கவில்லை. நடந்ததைக் கண்டு பதறி உதவி கேட்கும் குடும்பத்தைப் பார்க்கிறேன்.

மகன் கை ஓங்கியதைத் தடுத்தீர்களே, நல்ல காரியம் செய்தீர்கள். பெற்றோர் "அளவாக" அடிக்கலாம் என்ற பழைய சட்டப் பாதுகாப்பை அரசியலமைப்பு நீதிமன்றம் 2019 செப்டம்பரில் நீக்கிவிட்டது. அதைவிட முக்கியமானது, அடி வாங்கிய பிள்ளை அடுத்த முறை எதைக் கண்டாலும் வாயைத் திறக்க மாட்டான். அவனை மடியில் உட்கார வைத்துக் கேளுங்கள்: எத்தனை தோட்டா எடுத்தாய், வேறு யாருக்காவது கொடுத்தாயா, வேறு எங்காவது ஒளித்து வைத்திருக்கிறாயா? டப்பாவில் எத்தனை இருந்தது என்று உங்களுக்கே கணக்குத் தெரியாதபோது, இந்தக் கேள்விகளை இன்றே கேட்க வேண்டும். இன்னொரு தோட்டா எங்காவது கிடந்தால் அதையும் அந்த டி.எஃப்.ஓ. அதிகாரியிடமே காட்டுங்கள். துப்பாக்கியோ தோட்டாவோ எங்கே பார்த்தாலும், அக்கம்பக்கத்து வீட்டில் பார்த்தாலும், தொடாமல் நகர்ந்து வந்து பெரியவரிடம் சொல்ல வேண்டும் என்று அவனுக்குக் கற்றுக்கொடுங்கள். பையன் மிரண்டுபோய்த் தூங்காமல் இருந்தால் குழந்தைகளுக்கான உதவி அமைப்பான சைல்ட்லைனின் 116 எண்ணில் பேசலாம், இலவசம்.

பிரின்சிபலைப் பார்க்கப் போகும்போது மகனும் மருமகளும் சேர்ந்து போகட்டும். ஒப்படைத்த ரசீதின் நகல் ஒன்றை எடுத்துப் போங்கள், "துப்பாக்கி இப்போது எங்கே?" என்பதுதான் அங்கே வரும் முதல் கேள்வியாக இருக்கும்.