வலி நிவாரணக் குழு வீட்டுக்கு வருகிறது: யாரிடம் எதைக் கேட்பது?

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. நுரையீரல் புற்றுநோய் எலும்புக்கும் பரவிவிட்டது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். வலி நிவாரண ஆதரவு சிகிச்சைக் குழுவிலிருந்து வருகிறார்கள். யார் எதற்கு வருகிறார்கள் என்று புரியவில்லை. ராத்திரி வலி வந்தால் யாரைக் கூப்பிடுவது?

பதில்: ராத்திரி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். எதுவானாலும் முதல் அழைப்பு செவிலியருக்குத்தான். ஆனால் எல்லாக் குழுக்களிலும் இரவில் செவிலியர் போனை எடுப்பார் என்று சொல்ல முடியாது. "ராத்திரி இரண்டு மணிக்கு யார் எடுப்பார்கள்?" என்று இன்றே கேட்டு, அந்த எண்ணை மருந்துப் பெட்டியின் மேல் ஒட்டிவையுங்கள். இடையில் வலி மிஞ்சினால் கூடுதலாக எவ்வளவு மருந்து தரலாம் என்பதையும் மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

மருத்துவர் அடிக்கடி வரமாட்டார். மார்ஃபின் போன்ற கடும் வலிக்கான மருந்தை எழுதுவதும் அளவை மாற்றுவதும் அவர் மட்டுமே. மார்ஃபின் மாத்திரையைப் பொதுவாக நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தருவார்கள். வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மார்ஃபினால் மலச்சிக்கல் அநேகமாக வரும். அதற்கான மருந்தும் கூடவே வேண்டும்.

குழுவின் முதுகெலும்பு செவிலியர்தான். படுக்கைப் புண், சிறுநீர்க் குழாய், வாய் சுத்தம் எல்லாம் அவர் பொறுப்பு. அவற்றை உங்களுக்குக் கற்றுக்கொடுப்பதும் அவர்தான். அப்பா சாப்பிடவில்லை என்று வீட்டில் எல்லோரும் பதறும்போது, கடைசிக் கட்டத்தில் பசி அடங்குவது இயல்பு, வற்புறுத்தி ஊட்ட வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்பவரும் பெரும்பாலும் அவரே. தயங்காமல் கேளுங்கள்.

எலும்புக்குப் பரவியிருப்பதால் அப்பாவைத் தூக்கும் முறையை பிசியோதெரபிஸ்டிடம் அவசியம் கற்றுக்கொள்ளுங்கள். தவறாகத் தூக்கினால் எலும்பு முறியலாம். மூச்சு வாங்கும்போது எப்படிச் சாய்த்து உட்காரவைப்பது என்றும் காட்டச் சொல்லுங்கள். உதவித்தொகை, காப்பீடு, சான்றிதழ் வேலைகளுக்குச் சமூகப் பணியாளர்.

இத்தனை பேர் எதற்கு என்று தோன்றலாம். 1967இல் லண்டனில், சாகும் நிலையில் இருப்பவர்களைப் பராமரிக்கும் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கி, இந்தச் சிகிச்சைக்கு இன்றைய வடிவம் தந்த சிசிலி சாண்டர்ஸ், முதலில் செவிலியர், அப்புறம் மருத்துவமனைச் சமூகப் பணியாளர், பிறகுதான் மருத்துவர். சாகும் நிலையில் இருப்பவரின் வலி உடம்போடு நிற்பதில்லை, மனம், குடும்பம், பணம் எல்லாம் அதில் கலந்திருக்கிறது என்று அவர் சொன்னார். அப்பா பேசாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தால் அதுவும் வலிதான். குழுவில் மனநல ஆலோசனை தரும் ஆற்றுப்படுத்துநரிடம் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலி நிவாரண ஆதரவு சிகிச்சையும் பிசியோதெரபியும் வீட்டுக்கே இலவசமாக வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

தன்னார்வலர் வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். அப்பா பக்கத்தில் இரண்டு மணி நேரம் இருக்கச் சொல்லிவிட்டு அம்மாவைத் தூங்கவையுங்கள். அம்மாவைப் பார்ப்பதும் குழுவின் வேலையே. அவருக்கு இடுப்பு வலியோ தூக்கமின்மையோ இருந்தால், அடுத்த முறை செவிலியர் வரும்போது அதையும் சொல்லுங்கள்.