ஸ்டீயரிங் பக்கம்: கொல்லிமலைக்கு எந்த சொகுசு வண்டி?

நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறேன். பிஎம்டபிள்யூ எக்ஸ்3, மெர்சிடிஸ் ஜிஎல்சி, ஆடி க்யூ5, வோல்வோ எக்ஸ்சி60 நான்கையும் பார்த்தாயிற்று. யூடியூபில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அடிக்கடி கொல்லிமலை ஏறி இறங்குபவன் நான். எதில் பெர்ஃபார்மன்ஸ் நன்றாக இருக்கும் சார்?
– நாமக்கல் வாசகர்

கொல்லிமலை என்று எழுதினீர்கள் பாருங்கள், பாதி பதில் அதிலேயே இருக்கிறது. காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவு. அந்த ரோட்டில் எந்த வண்டியும் 30, 35-க்கு மேல் போவது அபூர்வம். அப்படியிருக்க, 100 கிலோமீட்டர் வேகத்தை எத்தனை வினாடியில் தொடுகிறது என்ற கணக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

சரி, கேட்டதற்காகச் சொல்கிறேன். ஜிஎல்சி 300 பெட்ரோலுக்கு 258 குதிரைத்திறன், 6.2 வினாடி. அதே ஜிஎல்சியின் 220டி டீசலுக்கு 197 குதிரைத்திறன், 8 வினாடி. 2025 ஜனவரியில் வந்த புதிய எக்ஸ்3 டீசலும் 197தான், 7.7 வினாடி. பேப்பரில் பெட்ரோல் ஜெயிக்கிறது. மலையில் கதை வேறு. ஹேர்பினில் வேகம் பன்னிரண்டு, பதினைந்துக்கு இறங்கிவிடும். திரும்பி முடித்து மறுபடி ஏற வேண்டிய அந்த இடத்தில், இன்ஜின் நிமிடத்துக்கு 1,800 சுற்று சுற்றும்போதே 440 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சக்கரத்தைத் திருப்பும் முறுக்குவிசை, தரும் 220டி அலட்டிக்கொள்ளாமல் ஏறிப் போகும். எக்ஸ்3 டீசலுக்கும் 400 இருக்கிறது. மலைக்காரர்களுக்கு என் ஓட்டு டீசலுக்கே.

வளைவில் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்த்தால், நாலும் நாலு குணம். எக்ஸ்3-யில் இன்ஜின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கிறது, எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சமம், இழுவையில் பெரும்பங்கு பின் சக்கரத்துக்குப் போகிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் மூக்கு உடனே திரும்பும். வளைவு முடியும் முன்பே ஆக்ஸிலரேட்டரைத் தொடலாம், வண்டி வெளியே தள்ளாது. ஓட்டுகிறவனுக்கு இதில் கிடைக்கும் சுகம் மற்ற மூன்றிலும் இல்லை.

ஜிஎல்சியின் 4மேட்டிக் என்ற நான்கு சக்கர இழுவையில் முன்னுக்கு 45, பின்னுக்கு 55 சதவீதம் என்று இழுவை பிரிகிறது. பத்திரமான வண்டி, கொஞ்சம் மெத்தென்றிருக்கும், வளைவில் சற்றே சாயும். க்யூ5-இன் நான்கு சக்கர இழுவையான குவாட்ரோ, தேவையில்லாதபோது பின் சக்கரங்களைக் கழற்றிவிட்டு முன் சக்கரத்தில் மட்டும் ஓடும். வழுக்கும் என்று தோன்றினால் பின்னையும் சேர்த்துக்கொள்ளும். பிடிப்பில் குறையே சொல்ல முடியாது. ஆனால் இரண்டு கிளட்ச் மாறிமாறி வேலை செய்யும் அதன் ஏழு கியர் டூயல் கிளட்ச் பெட்டி, அரசு பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து ஏறும்போது முதல் கியருக்கும் இரண்டாவதற்கும் இடையே லேசாக உதறும். வோல்வோவுக்கு இன்ஜின் குறுக்குவாக்கில் முன்னால் இருப்பதால் மூக்கு கனம். சீட் என்றால் வோல்வோ சீட்தான், இடுப்பு வலிக்காரர்கள் கும்பிடுவார்கள். விரட்டி ஓட்டினால் மட்டும் அதற்குப் பிடிக்காது. அதிகபட்ச வேகத்தையே 180-இல் பூட்டிவைத்த கம்பெனி, வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

என் ஒர்க்ஷாப் பொள்ளாச்சியில், ஆழியாறு ரோட்டில். சஸ்பென்ஷன் வேலை முடிந்த வண்டியை வெளியே எடுக்கும்போது டிக்கியில் உரித்த தேங்காய் ஒன்றைப் போட்டுக்கொண்டு குரங்கு அருவி வரை ஏறுவேன். தேங்காய் எந்தப் பக்கம் உருளுகிறது, மெதுவாகப் போய்ச் சாய்கிறதா, ‘டொக்’கென்று இடிக்கிறதா என்று காதால் கேட்டாலே போதும், கம்ப்யூட்டர் வேண்டாம். எக்ஸ்3-யில் அது சீக்கிரம் உருண்டு, சீக்கிரம் நின்றுவிடும். ஜிஎல்சியில் நிதானமாக உருண்டு நிதானமாகத் திரும்பி வரும். பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவரின் வயிற்றுக்கும் இதே கதிதான்.

இன்னொன்று. நான்குமே ஏறக்குறைய 1.9 மீட்டர் அகலம். எக்ஸ்3, ஜிஎல்சி இரண்டும் வட்டமடித்துத் திரும்ப 12 மீட்டருக்குப் பக்கத்தில் கேட்கும். ஜிஎல்சிக்குப் பின் சக்கரமும் 4.5 டிகிரி திரும்பும் வசதி வெளிநாட்டில் உண்டு, அதில் 10.9 மீட்டர் போதும். டெஸ்ட் டிரைவுக்கு வரும் வண்டியில் அது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கொல்லிமலையின் குறுகலான வளைவில் எதிரே பஸ் வந்தால் இந்த ஒரு மீட்டரின் அருமை தெரியும். இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டம், அதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் கியர் மாற்றும் பேடிலைத் தட்டி இரண்டாம், மூன்றாம் கியரிலேயே வைத்திருங்கள். இரண்டு டன்னை ஒட்டிய வண்டியை பிரேக்கால் மட்டும் பிடித்துக்கொண்டு இறங்கினால், பாதி மலையிலேயே கருகல் வாடை வரும். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். அது ஈரத்தை உறிஞ்சும், ஈரம் சேர்ந்த ஆயில் சீக்கிரம் கொதிக்கும்.

நீங்களே ஓட்டுவதாக இருந்தால் எக்ஸ்3 டீசல். டிரைவர் ஓட்ட, நீங்கள் பின்னால் உட்கார்ந்து முட்டை விலை பேசிக்கொண்டு போவதாக இருந்தால் ஜிஎல்சி 220டி.

மகன் புது எஸ்யூவி வாங்கியிருக்கிறான். வால்பாறை ரோட்டில் அவன் ஓட்டும்போது பின்சீட்டில் எனக்குக் குமட்டுகிறது. பழைய அம்பாசடரில்கூட இப்படி இல்லையே! குற்றம் வண்டியுடையதா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, கோவை

முக்கால் பங்கு மகனுடையது, அம்மா. அம்பாசடரை யாரும் 40 ஹேர்பினிலும் விரட்டி ஓட்டியதில்லை. இந்த வண்டி விரட்டினாலும் தாங்குகிறது, அதனால் அவர் விரட்டுகிறார்.

கால் பங்கு வண்டியுடையது. ‘ஸ்போர்ட்’ என்று ஒரு மோட் இருக்கும்; அதில் ஸ்டீயரிங், ஆக்ஸிலரேட்டர் எல்லாமே முறுக்கிக்கொள்ளும். ‘கம்ஃபர்ட்’டுக்கு மாற்றச் சொல்லுங்கள். வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக்கை அமுக்காமல், முன்பே வேகத்தைக் குறைத்து, பிரேக்கிலிருந்து காலை மெதுவாக எடுத்துக்கொண்டே திரும்பச் சொல்லுங்கள். அப்புறம், நீங்கள் முன்சீட்டுக்கு வந்துவிடுங்கள், ரோடு கண்ணில் பட்டாலே பாதி குமட்டல் போய்விடும். இந்தப் பக்கத்தைக் கத்தரித்து டேஷ்போர்டில் ஒட்டிவைத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

லெக்ஸஸ் என்எக்ஸ் 350ஹெச் ஹைப்ரிட் வாங்கலாமா? இருப்பது ஊட்டியில்.
– தேயிலைத் தோட்டக்காரர்

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இன்ஜின் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதால் பெரிதாகத் தளராது. லெக்ஸஸின் 2.5 லிட்டர் இன்ஜினுக்கு டர்போ கிடையாது, அதனால் மூச்சு வாங்கும். ஹைப்ரிட் என்பதால் கூடவே இருக்கும் மின் மோட்டாருக்கு உயரத்தைப் பற்றிக் கவலையில்லை, அது கைகொடுக்கும். ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து விடாமல் ஏறும்போது பேட்டரி இறங்க இறங்க, இன்ஜின் ஒரே சுருதியில் கத்திக்கொண்டே வரும்.

டவுனுக்குள் ஓட்ட இதைப்போல அமைதியான வண்டி இல்லை, பெட்ரோலும் மிச்சமாகும். சத்தம் பொறுக்க முடியுமா என்பதை குன்னூர் ஏற்றத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.

க்யூ5-க்கு 21 இன்ச் அலாய் போடலாமா? ஹேண்ட்லிங் கூடுமாமே?
– திருப்பூர் இளைஞர்

போட்டோவில் கூடும். கம்பெனி போடுவது 235/55 ஆர்19. அதாவது டயர் அகலம் 235 மில்லிமீட்டர், அதில் 55 சதவீதம் பக்கச்சுவர், ரிம் 19 இன்ச். பக்கச்சுவரின் உயரம் 129 மில்லிமீட்டர். 21-க்குப் போனால் 255/40 போட வேண்டும், பக்கச்சுவர் 102-க்கு வந்துவிடும். வழவழப்பான ரேஸ் டிராக்கில் ஸ்டீயரிங் துல்லியம் கொஞ்சம் கூடும், மறுக்கவில்லை. நம் பல்லடம் ரோட்டுப் பள்ளத்தில் அந்த 27 மில்லிமீட்டர் இல்லாமல் போனதற்கு ரிம் கணக்குத் தீர்த்துக்கொள்ளும். வளைந்த ரிம்மைத் தட்டி நிமிர்த்திக் கொடுத்தே என் ஒர்க்ஷாப் வாடகை போகிறது. காசை நல்ல டயரில் போடுங்கள் தம்பி.

உயரமான வண்டி, திடீரென்று திருப்பினால் கவிழாதா?
– சேலம் வாசகி

உயரம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. 1997-இல் ஸ்வீடன் நாட்டுப் பத்திரிகை ஒன்று, ரோட்டில் காட்டுமான் குறுக்கே வந்தால் ஒடித்துத் திருப்புவதுபோல ஒரு சோதனை வைத்தது. அதில் கவிழ்ந்தது மெர்சிடிஸின் சின்ன ஏ-கிளாஸ் கார்! அதற்குப் பிறகுதான் அந்த கார் முழுவதற்கும் ஈஎஸ்பி என்ற கட்டுப்பாட்டைக் கட்டாயமாகப் பொருத்தினார்கள். சக்கரம் சக்கரமாகத் தனித்தனியே பிரேக் பிடித்து வண்டியை நேராக்கும் வேலை அது. மேலே சொன்ன வண்டிகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. அதை ஆஃப் செய்யும் பட்டன் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள். கூரைமேல் கனமான லக்கேஜையும் ஏற்றாதீர்கள்.

ஷோரூமில் பைபாஸில் ஒரு ரவுண்டு விட்டுக் கூட்டிவந்துவிடுகிறார்கள். டெஸ்ட் டிரைவில் எதைக் கவனிப்பது?
– மதுரை வாசகர்

பைபாஸில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். நாலு வழிச்சாலையில் காருக்கு அனுமதி 100 கிலோமீட்டர், அந்த வேகத்தில் இந்த விலை வண்டி எதுவும் அசையக்கூட அசையாது. வீட்டு ஆட்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போங்கள், தனியாகப் போகாதீர்கள். மோசமான உள்ரோடு ஒன்றில் 40-இல் விடுங்கள், ஸ்பீடு பிரேக்கரை 20-இல் தாண்டுங்கள், பின்னால் இருப்பவர் முகத்தைக் கண்ணாடியில் பாருங்கள். மேம்பாலத்துக்கு அடியில் ஒரு யூ-டர்ன் போடுங்கள். ஸ்போர்ட் மோடைத் தொடாமல் 60-இலிருந்து லாரியை ஓவர்டேக் செய்து பாருங்கள். தினமும் உங்களுக்கு வேண்டிய பிக்கப் அதுதான்.

கிளம்பும் முன் டயர் காற்றைச் செக் பண்ணச் சொல்லுங்கள். நாள்கணக்கில் நிற்கும் டெமோ வண்டிகளில் கூடவோ குறையவோ இருக்கும். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் கொண்டுவந்த பிறகு சாவியை வாங்குங்கள்.