வெள்ளமும் தண்ணீரும்

கேள்வி: எங்கள் சிறுகதை வகுப்பில் ஒரே ஒரு வாக்கியத்துக்கே ஒரு மணி நேரம் போய்விட்டது. கதாசிரியர் 'வெள்ளம்' என்று ஏன் போட்டார் என்று சார் திரும்பத் திரும்பக் கேட்டார். எங்கள் ஊரில் தண்ணீரை எல்லாரும் வெள்ளம் என்றுதான் சொல்வோம், அவரும் அப்படியே எழுதியிருப்பார். இப்படிப் பிய்த்துப் போட்டால் கதையை ரசிக்க முடியுமா?
(கல்லூரி மாணவி, களியக்காவிளை)

பதில்: சார் நின்ற இடம் சரி, கேள்விதான் கொஞ்சம் கோணல். ஏன் போட்டார் என்பது எழுதியவருக்கே ஞாபகம் இருக்காது. அந்தச் சொல்லை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால் வாக்கியத்தில் என்ன போகிறது என்று கேட்டிருந்தால் பதில் அந்தப் பக்கத்திலேயே கிடந்திருக்கும்.

கதை எது என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் நானே ஒரு வாக்கியம் போடுகிறேன். 'அந்த வீட்டில் அவளுக்கு வெள்ளமும் கிடைக்கவில்லை.' முதலில் அந்த 'உம்'மைப் பாருங்கள். நன்னூல் உம்மைக்கு எட்டுப் பொருள் சொல்கிறது. நம் பழைய உரைகாரர்கள் ஒவ்வொரு உம்மையிலும் நின்று இது எச்சம், இது சிறப்பு என்று எழுதிவிட்டுத்தான் நகர்வார்கள், அவர்களை யாரும் பிய்த்துப் போட்டதாகச் சொல்வதில்லை. இங்கே இருப்பது இழிவுசிறப்பு, அதாவது ஆக எளிய ஒன்றைச் சொல்லி மற்றதையெல்லாம் உணர்த்துவது. வாசலில் வந்து நிற்கிற யாருக்கும் இல்லையென்று சொல்லாத ஒன்றே இல்லையென்றால், சோறும் பாயும் ஒரு நல்ல வார்த்தையும் அதற்கு முன்னாலேயே இல்லாமல் போயிருக்கும். கதை அதில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை, 'உம்' சொல்லிவிட்டது. அடுத்து, 'கொடுக்கவில்லை' என்று இல்லை, 'கிடைக்கவில்லை' என்று இருக்கிறது. கொடுக்காதவர்கள் வாக்கியத்துக்குள்ளேயே வராமல் தப்பித்துக்கொண்டார்கள்.

அப்புறம் வெள்ளம். அதைப் பாத்திரம் பேசவில்லை, கதைசொல்லி சொல்கிறார். தண்ணீர் என்றிருந்தால் அவர் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். வெள்ளம் என்றதும் இறங்கி வந்து அவள் பக்கத்தில் நிற்கிறார். ஆனால் கதை முழுக்க வெள்ளம் என்றே வந்தால் உங்கள் கட்சிதான் ஜெயிக்கும், அது வெறும் ஊர்ப் பேச்சு. ஒன்பது பக்கம் தண்ணீர் என்றவர் பத்தாவது பக்கத்தில் மாறினாரா என்று பார்க்க வேண்டும், அதற்கு ஒன்பது பக்கத்தையும் ஒழுங்காகப் படித்திருக்க வேண்டும். வெள்ளம் வாழ்வின் குறியீடு என்று சார் போர்டில் எழுதிப் போட்டாரானால் அந்த ஒரு மணி நேரம் வீண்தான், அதில் நான் உங்கள் பக்கம்.

வெள்ளம் என்றால் மலையாளம் கலந்துவிட்டது என்று வகுப்பில் யாராவது சொல்லியிருப்பார்கள். 1956இல் எல்லை போட்டு நம் குமரி மாவட்டத்தைத் தமிழ்நாட்டுப் பக்கம் சேர்த்தார்கள், சொல்லுக்கு யாரும் சோதனைச்சாவடி வைக்கவில்லை. 'வெள்ளத் தனைய மலர்நீட்டம்' என்கிற 595ஆம் குறளில் பரிமேலழகர் நீர் என்றுதான் பொருள் கொள்கிறார்.

ஒரு பழைய எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் என் கதை ஒன்றை வடக்கே ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். 'அம்மை வெள்ளம் கோரப் போனாள்' என்று எழுதியிருந்தேன். கோருவது என்றால் கேட்பது, வெள்ளத்தை யார் கேட்பார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, பிழை திருத்துபவர் 'அம்மா வெள்ளம் பார்க்கப் போனாள்' என்று மாற்றி அச்சிலும் வந்துவிட்டது. கிணற்றில் நீர் இறைக்கப் போன அம்மையை வெள்ளக்காடு வேடிக்கை பார்க்க அனுப்பிவிட்டார் மனுஷன். அவசரமாகப் படித்தால் அப்படித்தான் ஆகும்.

சரி, உங்கள் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். 'சார் ஒரு மணி நேரத்தை வீணாக்கினார்' என்று எழுதாமல் 'ஒரு மணி நேரம் போய்விட்டது' என்று எழுதியிருக்கிறீர்களே, அது மரியாதையா, இன்டர்னல் மார்க் பயமா?