பிரிகிற கூட்டமா, ஓடுகிற கூட்டமா?

கேள்வி: நிலாவெளியில் வேப்ப மரத்தடியில் இரண்டு தேன்பெட்டி வைத்திருக்கிறேன். அடிக்கடி திறந்து குழப்ப விருப்பமில்லை. பூச்சிகள் தம்பாட்டில் பிரிந்து போகட்டும் என்று விட்டால் பெட்டி வெறுமையாகிவிடுமா?

பதில்: முதற் பிரிவால் வெறுமையாகாது. பழைய ராணி ஏறக்குறையப் பாதிப் பூச்சிகளோடு கிளம்பும். முட்டையும் புழுவும் புது ராணிகள் வளரும் ராணி அறைகளும் தேன் வதையிலேயே (மெழுகு அடையில்) இருக்கும். கெடுதி அதற்குப் பிறகுதான். பொரித்து வரும் கன்னி ராணிகள் ஆளுக்கொரு பங்கைக் கூட்டிக்கொண்டு போனால் மிஞ்சுவது ஒரு பிடி பூச்சி. காவலில்லாத வதையில் மெழுகு அந்துப்பூச்சி குடியேறும்.

பிரியப்போவதைப் பெட்டியின் அடிப்பலகையே சொல்லிவிடும். நடுவில் ஊசித் துளையோடு கூம்பு மூடிகள் உதிர்ந்து கிடந்தால் ஆண் தேனீக்கள் வெளிவருகின்றன என்று அர்த்தம். அந்தத் துளை நோயல்ல, நம் நாட்டுத் தேனீயின் இயல்பு.

முதற்கூட்டம் போய் மூன்று நான்கு நாளில் ஒரே ஒருமுறை திறவுங்கள். வதையின் கீழ் விளிம்பில் தொங்கும் ராணி அறைகளில் பருமனான ஒன்றை விட்டு மற்றவற்றைக் கத்தி நுனியால் வெட்டிவிடுங்கள். இரண்டை விட்டால் மறுபிரிவுக்கு வழி. வதை கட்டியிருக்கும் மரச்சட்டத்தை உதறக் கூடாது, உள்ளிருக்கும் ராணிப்புழு சேதமாகும். நுனி மெழுகு சுரண்டப்பட்டுப் பழுப்பாகத் தெரியும் அறையில் ராணி வெளிவர அதிக நாள் இல்லை. பிறகு ஒரு மாதம் மூடியே இருக்கட்டும். கால்களில் மகரந்தம் சுமந்து பூச்சிகள் தொடர்ந்து நுழைந்தால் பெரும்பாலும் புது ராணி முட்டையிடுகிறது.

பிரிந்த கூட்டத்துக்கு, உள்ளே பழைய மெழுகு தேய்த்த வெற்றுப்பெட்டி ஒன்றை ஆள் உயரத்துக்கு மேல் நிழலில் கட்டி வையுங்கள். வருமென்று உறுதியில்லை, செலவுமில்லை.

கச்சான் காற்றடிக்கும் வறட்சியில் முழுக் கூட்டமும் புறப்பட்டு, வதையில் முட்டையோ புழுவோ தேனோ இல்லாமல் கிடந்தால் அது பிரிதலல்ல, ஓட்டம். பசி, வெக்கை, எறும்பு, அந்துப்பூச்சி, அடிக்கடி திறப்பது: இவைதான் காரணம். இதை இயற்கை என்று பார்த்துக்கொண்டிருப்பது வளர்ப்பல்ல. பெட்டிக் கால்களைப் பழைய எஞ்சின் ஒயில் ஊற்றிய டின்களில் நிறுத்துங்கள். சிறு கற்கள் போட்ட தட்டில் தினமும் தண்ணீர் வையுங்கள். தேன் குறைந்தால் சம அளவு சீனியும் நீரும் கலந்த பாகை மாலையில், பெட்டிக்குள்ளேயே கொடுங்கள். வெளியே வைத்தால் அயற்கூட்டமும் எறும்பும் கொள்ளையிட வரும். அந்த மாதங்களில் தேன் எடுக்கவே வேண்டாம்.