உளவியலாளர் மேல் புகார்: போர்டில் உட்கார்ந்திருப்பது யார்?

கேள்வி: கலிஃபோர்னியாவில், ஃப்ரீமாண்டில் வசிக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஓர் உளவியலாளரிடம் தனியாக ஆலோசனைக்குப் போய்வந்தேன். அங்கே நான் அழுதுகொண்டே சொன்னதையெல்லாம் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் கணவரிடம் ஃபோனில் சொல்லிவிட்டார். உளவியலாளர்களுக்கு லைசென்ஸ் கொடுக்கும் அரசு போர்டில் புகார் கொடுக்கலாம் என்றால், "போர்டில் இருக்கிறவங்க எல்லாம் அவங்க ஆளுங்கதான், புகார் கொடுத்து என்ன ஆகப்போகுது" என்கிறாள் தோழி. நேராக உறுப்பினர்களுக்கே ஈமெயில் எழுதலாமா? ரசீதின் படம் இணைத்திருக்கிறேன்.

பதில்: நம்பிச் சொன்னதை வெளியே சொல்வது சின்னத் தவறு இல்லை, சகோதரி. அனுமதி இல்லாமல் வேண்டுமென்றே வெளியிட்டால் லைசென்ஸையே பறிக்கக்கூடிய குற்றம் அது. கலிஃபோர்னியா தொழில்கள் சட்டத்தின் 2960-ஆம் பிரிவில் இருக்கிறது. தயங்காமல் புகார் கொடுங்கள்.

முதலில் அந்த ரசீது. லைசென்ஸ் எண்ணுக்கு முன்னால் 'பிஎஸ்ஒய்' என்று இருக்கிறது. அப்படியானால் அவர் உளவியலாளர்தான், சாக்ரமெண்டோவில் உள்ள உளவியல் போர்டுதான் சரியான இடம். குடும்பநல ஆலோசகர், சோஷியல் வொர்க்கர் என்றால் வேறு போர்டு; மனநல டாக்டர் என்றால் மருத்துவ போர்டு. இடம் மாறிக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது தோழி சொன்னதற்கு வருவோம். போர்டில் 9 பேர். 5 பேர் லைசென்ஸ் உள்ள உளவியலாளர்கள், 4 பேர் பொதுமக்கள் பிரதிநிதிகள். இந்த நால்வரும் உளவியலாளராக இருக்கக் கூடாது. டாக்டர், நர்ஸ் போன்ற மருத்துவத் துறை லைசென்ஸ் எதுவும் வைத்திருக்கவும் கூடாது. ஐந்து உளவியலாளர்களையும் பொதுமக்களில் இரண்டு பேரையும் ஆளுநர் நியமிக்கிறார். மீதி இருவரில் ஒருவரை மாநில மேலவையான செனட்டின் விதிக் குழுவும், இன்னொருவரைச் சட்டமன்ற சபாநாயகரும் நியமிக்கிறார்கள். பதவி 4 வருடம், தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் இருக்க முடியாது.

ஆக, பெரும்பான்மை அந்தத் தொழிலுக்குத்தான். அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்த ஐவரை உளவியலாளர்கள் கூடி ஓட்டுப் போட்டு அனுப்புவதில்லை. வட கரோலினாவில் பல் மருத்துவ போர்டு அப்படித்தான் இருந்தது. 8 பேரில் 6 பேர் பல் டாக்டர்கள், சக டாக்டர்கள் தேர்ந்தெடுத்தவர்கள். பல்லை வெண்மையாக்கும் கடைக்காரர்களை அவர்கள் விரட்டியது உச்ச நீதிமன்றம் வரை போனது. தொழிலில் இருப்பவர்கள் கையில் போர்டு இருந்தால், அரசின் நேரடி மேற்பார்வை இல்லாமல், வியாபாரப் போட்டியை நசுக்குவதைத் தடுக்கும் சட்டத்திலிருந்து அதற்கு விலக்கு கிடையாது என்று 2015-ல் தீர்ப்பு வந்தது. தோழியின் சந்தேகம் வெறும் சந்தேகம் இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அதே சமயம், பாம்பின் கால் பாம்பறியும். எது சிகிச்சைக்குத் தேவையான பேச்சு, எது ரகசியத்தை மீறியது என்பது அந்தத் தொழிலில் இருப்பவருக்குத்தான் சட்டென்று தெரியும்.

இன்னொன்று, உங்கள் புகார் நேராக அந்த 9 பேரிடம் போவதில்லை. போர்டின் ஊழியர்கள் ஆவணங்களை வாங்கிப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் வெளி நிபுணர் படிப்பார். குற்றம் இருப்பதாகத் தெரிந்தால் அட்டர்னி ஜெனரல் அலுவலகம் வழக்கை நடத்தும். அந்த உளவியலாளர் விசாரணை கேட்டால் நிர்வாக நீதிபதி விசாரித்து முடிவை முன்மொழிவார். அப்புறம்தான் 9 பேர் ஓட்டு.

அதனால்தான் உறுப்பினர்களுக்கு ஈமெயில் வேண்டவே வேண்டாம். நாளைக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் வழக்கில் ஒரு பக்கத்தோடு தனியாகப் பேசக் கூடாது. உங்கள் கடிதத்தைப் படித்த உறுப்பினர் ஒதுங்க வேண்டி வரலாம், நஷ்டம் உங்களுக்குத்தான். அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று பார்க்க வேண்டுமா, போர்டு கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள், யாருக்கும் தடை இல்லை. ஒழுங்கு நடவடிக்கை வழக்குகளில் முடிவெடுக்கும் பகுதி மட்டும் மூடிய அறையில்.

காலக்கெடு: பொதுவாகச் சம்பவம் நடந்து 7 வருடம், அல்லது போர்டுக்குத் தெரியவந்து 3 வருடம், இதில் எது முதலில் வருகிறதோ அதற்குள் போர்டு குற்றச்சாட்டைப் பதிய வேண்டும். உங்களுக்கு இரண்டு வருடம்தான் ஆகிறது. நஷ்ட ஈடு மட்டும் போர்டு தராது. அதற்கு சிவில் வழக்கு, அதன் கெடு இதைவிட மிகக் குறைவு. அந்த எண்ணம் இருந்தால் இந்த வாரமே ஒரு வக்கீலைப் பாருங்கள்.

கடைசியாக, முதல் நாள் நீங்கள் கையெழுத்துப் போட்ட தாள்களின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கணவரிடம் பேசலாம் என்று ஒரு சின்னக் கட்டத்தில் உங்கள் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். எதிர்த் தரப்பு முதலில் நீட்டப்போவது அந்தத் தாளைத்தான்.